நடுக்குவாதத்துக்கு இருதயத்தில் ஒரு சாட்சி

படத்தில் அகப்படாத வியாதி

வயது அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு, மடியில் ஓய்வாகக் கிடக்கும் வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே உருளத் தொடங்கி, நடையின் வேகம் குறைந்து, சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு முன்னைவிட இரு மடங்கு நேரம் பிடித்து, கையெழுத்தும் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும்போது, வீட்டார் அவரை நரம்பு வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறார்கள். வைத்தியர் அவரை நடக்கச் சொல்லிப் பார்க்கிறார், முழங்கையை மடக்கியும் நீட்டியும் பார்க்கிறார், தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரும்படி சொல்கிறார். வயதுக்குரிய சிறு மாறுதல்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அறிக்கை வருகிறது. ஆயினும் வைத்தியர், இது பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம் என்று சொல்லி மருந்து எழுதுகிறார்.

இதைக் கேட்கும் வீட்டாருக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் எழும். வியாதி மூளையில் இருக்கிறதென்றால் மூளையைப் பிடித்த படத்தில் அது ஏன் தெரியவில்லை? அந்த வைத்தியர் ஜப்பானிய நகரமொன்றில் தொழில் புரிபவராயின், இந்தச் சந்தேகத்தோடு ஒரு வியப்பும் சேர்ந்துகொள்ளக்கூடும். ஏனெனில் அடுத்தபடியாக அவர் மார்பைப் படமெடுத்து வரும்படி எழுதிக்கொடுப்பது அந்நாட்டில் சாதாரணமான காரியம். கை நடுங்குகிறவருக்கு, மூளையில் குறை இருப்பதாகச் சொல்லப்படுகிறவருக்கு, இருதயத்தில் எதைத் தேடுகிறார்கள்?

முதற் சந்தேகத்துக்கு விடை எளிது. நடுமூளையில் இருபுறமும் அமைந்த ஒரு சிறு கறுத்த பட்டையில் உள்ள நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே உடல் இயக்கம் தளர்வதற்குக் காரணம். சாதாரண எம்.ஆர்.ஐ. படம் உறுப்புகளின் உருவத்தைக் காட்டுவது. கட்டியோ இரத்தக் கசிவோ மூளையின் உருவத்தை மாற்றுமாகையால் அவை படத்தில் அகப்படும்; உருவத்தை ஏறத்தாழ அப்படியே விட்டுவிட்டு உள்ளிருக்கும் அணுக்களை மட்டும் ஒவ்வொன்றாக அழிக்கும் வியாதி அகப்படுவதில்லை. ஆகவே நடுக்குவாதத்தை நிச்சயிப்பதற்கு இன்றளவும் முதன்மையான கருவி வைத்தியரின் கண்ணும் கையுமே.

ஆறு பேரைப் பார்த்து எழுதிய நூல்

லண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் செய்துவந்தவரும், பூமியில் புதைந்து கல்லாகிப்போன பழைய உயிர்களை ஆராய்வதில் பெரும் ஈடுபாடு கொண்டவருமான ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-இல் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவர் ஆதாரமாகக் கொண்டது ஆறே பேரைத்தான். அந்த ஆறு பேரிலும் எல்லோரும் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்லர். தெருவில் போகும்போது கண்டு நின்று விசாரிக்கப்பட்டவர்களும் உண்டு. ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. அப்படியிருந்தும் ஓய்வில் வரும் நடுக்கத்தையும், முன்னோக்கிக் குனிந்த உடலையும், ஓட்டமாக மாறிவிடும் நடையையும் அவர் விவரித்த விதம் இன்றும் பழுதற்றதாக இருக்கிறது. நம் விஷயத்துக்கு விசேஷமான செய்தி வேறொன்று. நோயாளிகளுக்கு நேரும் மலச்சிக்கலையும் உறக்கக் கேட்டையும் அவர் குறித்துவைத்தார். கையும் காலும் மட்டுமன்றிக் குடலும் பாதிக்கப்படுகிறது என்பதற்கு அவரே முதற் சாட்சி; ஆனால் அந்தக் குறிப்பின் முழுப் பொருளை உலகம் உணர்வதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பின்னால் பாரிஸ் நகரத்துச் சார்க்கோ இவ்வியாதிக்குப் பார்க்கின்சனின் பெயரை இட்டார். 1912-இல் ஃபிரெடரிக் லூயி என்னும் ஜெர்மானியர், இறந்த நோயாளிகளின் மூளை அணுக்களுக்குள் சாயம் ஏற்கும் உருண்டைகளைக் கண்டார். இன்று அவை லூயி உருண்டைகள் எனப்படுகின்றன. ஆல்பா சினூக்ளின் என்னும் புரதம் தன் இயல்பான வடிவத்தை இழந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால் உண்டாகுபவை அவை என்பது 1997-இல் தெளிவாயிற்று. கறுத்த பட்டையின் அணுக்கள் டோபமைன் என்னும் ரசாயனத்தைச் சுரப்பவை என்பதும், நோயாளிகளின் மூளையில் அது வற்றிப்போகிறது என்பதும் 1960-ஐ ஒட்டி நிச்சயமாயின. அதன் பயனாக வந்ததே லெவோடோபா மருந்து. இந்த லெவோடோபா பூனைக்காலி விதையில் இயற்கையாகவே இருக்கிறதென்று 1937-இல் சென்னையிலே தாமோதரன், இராமசாமி என்ற இரு ரசாயன ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள் என்பதை இவ்விடத்தில் மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பதை அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை.

ஒரே தோற்றம், வேறு வியாதி

வைத்தியரின் கண் சிறந்த கருவிதான் எனினும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. உடல் மந்தமாகி இறுகிப்போகும் லட்சணம் நடுக்குவாதத்துக்கு மட்டும் உரியதன்று. பன்மண்டலச் சிதைவு என்று நாம் சொல்லக்கூடிய வேறொரு வியாதியிலும் இதே மந்தம் வரும். அதில் இரத்த அழுத்தமும் சிறுநீர்ப்பையும் வெகு சீக்கிரத்தில் கட்டுக்குலையும். கண்விழிகளைக் கீழே திருப்ப முடியாமற்போய் அடிக்கடி பின்னோக்கி விழச்செய்யும் மற்றொரு வியாதியும் தொடக்கத்தில் நடுக்குவாதம் போலவே தோன்றும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும், வாந்தியை நிறுத்தும் சில மருந்துகளும், தலைசுற்றலுக்கு நம் ஊர்களில் தாராளமாகக் கொடுக்கப்படும் சின்னரிசினும்கூட, நெடுநாள் உட்கொண்டால், இதே தோற்றத்தை உண்டாக்கவல்லவை.

முதல் ஓரிரு ஆண்டுகளில் இவற்றைப் பிரித்தறிவது அனுபவம் மிக்க நிபுணருக்கும் சிரமமே. பிரித்தறிய வேண்டிய அவசியமோ மிகப் பெரிது. நடுக்குவாதக்காரர் லெவோடோபாவால் பல ஆண்டுகள் நல்ல பயன் பெறுவார். பன்மண்டலச் சிதைவு கொண்டவருக்கு அப்பயன் சொற்பம், வியாதியின் போக்கும் வேகமானது. மூளைக்குள் மின்கம்பி வைத்துச் செய்யும் சிகிச்சை முன்னவருக்கு உதவும், பின்னவருக்கு உதவாது. மருந்தினால் வந்த மந்தமானால், அந்த மருந்தை நிறுத்துவதே பெரும்பாலும் வைத்தியம். குடும்பத்தார் தம் எதிர்காலத்தை எப்படித் திட்டமிடுவது என்பதும் இந்த விடையைப் பொறுத்தே இருக்கிறது.

மூளையில் டோபமைன் நரம்புகளின் முனைகள் எவ்வளவு எஞ்சியிருக்கின்றன என்று காட்டும் கதிரியக்கப் படம் ஒன்று உண்டு. அது மருந்தினால் வந்த மந்தத்தை நடுக்குவாதத்திலிருந்து பிரித்துக் காட்டும். ஆனால் பன்மண்டலச் சிதைவிலும் அதே முனைகள் அழிவதால், அவ்விரண்டையும் பிரிக்க அதனால் இயல்வதில்லை. மூளையில் ஒன்றுபோல் தோன்றும் இரு வியாதிகள் வேறெங்கே வேறுபடுகின்றன என்று தேடியவர்கள்தாம் இருதயத்தை வந்தடைந்தார்கள்.

இருதயத்தை நாடும் நரம்பு

இருதயம் தானாகவே துடிக்கும் ஆற்றல் பெற்றது. நரம்புகள் அதன் வேகத்தையும் வலிமையையும் சமயத்துக்கு ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. மாடிப்படி ஏறும்போதும் திடுக்கிடும்போதும் அதை விரைவுபடுத்துவன பரிவு நரம்புகள் எனப்படும். 1921-இல் ஆட்டோ லோவி தவளை இருதயங்களை வைத்துச் செய்த புகழ்பெற்ற பரிசோதனையால், நரம்பு தன் முனையிலிருந்து ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டே இருதயத்துக்கு ஆணையிடுகிறது என்பது புலனாயிற்று. பரிவு நரம்புகள் கசியவிடும் அந்த ரசாயனம் நோர்அட்ரினலின் என்பதை 1946-இல் ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் ஃபான் ஆய்லர் கண்டறிந்தார். கசிந்த நோர்அட்ரினலினின் பெரும்பகுதியை நரம்பு முனையே மறுபடி உள்ளிழுத்துச் சிறு நுண்பைகளில் சேமித்துக்கொள்கிறது என்பதை அமெரிக்காவில் ஜூலியஸ் ஆக்ஸல்ராட் நிரூபித்தார். இந்த மீள்ஈர்ப்பு என்னும் செயலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போவது யாவும் அதன்மேல் நிற்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மூளையிலிருந்து இருதயம் வரையில் ஒரே நரம்பு நீண்டு செல்வதில்லை. முதுகுத்தண்டின் மேற்பகுதியிலிருந்து புறப்படும் முதல் நரம்பு, கழுத்தின் அடியிலும் மார்பின் மேற்பகுதியிலும் தண்டின் இருமருங்கும் அமைந்த நரம்புக்கணு ஒன்றில் போய் முடிகிறது. அந்தக் கணுவிலிருந்து இரண்டாவது நரம்பு புறப்பட்டு, இருதயத்தின் மேற்பரப்பில் கிளைத்துப் பரவி, தசைக்குள் நுழைகிறது. நோர்அட்ரினலினைக் கசியவிடுவதும் மீண்டும் ஈர்ப்பதும் இந்த இரண்டாவது நரம்பே.

மிச்சிகனில் பிறந்த ஒரு ரசாயனம்

நரம்பின் முனை கண்ணுக்குத் தெரியாதது. உயிரோடிருப்பவரின் இருதயத்தை அறுத்துப் பார்ப்பதும் ஆகாத காரியம். ஆயின் நோர்அட்ரினலினைப் போலவே நரம்பால் ஈர்க்கப்படும் ஒரு பொருளைச் செய்து, அதிலே கதிரியக்கமுள்ள அணுவொன்றைப் பொருத்தி இரத்தத்தில் விட்டால், அது எங்கே போய்த் தங்குகிறது என்று வெளியிலிருந்து படம் பிடிக்கலாம் அல்லவா? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் வீலாண்டும் அவருடைய சகாக்களும் 1980-ஐ ஒட்டி அத்தகைய பொருளை உருவாக்கினார்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கக் கொடுக்கப்பட்டுவந்த குவானெத்திடின் என்னும் மருந்து பரிவு நரம்பு முனைகளில் போய்ச் சேர்வது முன்பே தெரிந்த விஷயம். அதன் அமைப்பை ஒட்டிச் செய்து அயோடினைச் சேர்த்த இப்புதிய ரசாயனத்துக்கு எம்.ஐ.பி.ஜி. என்று சுருக்கப்பெயர் வழங்குகிறது. சிறுநீரகத்தின்மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் தோன்றும் கட்டிகளைக் கண்டுபிடிப்பதே அவர்களுடைய முதல் நோக்கம். பரிவு நரம்புகள் அடர்ந்த இருதயமும் படத்தில் ஒளிர்வதைக் கண்டு 1981-லேயே அதையும் வெளியிட்டார்கள்.

எம்.ஐ.பி.ஜி.யின் சிறப்பு என்னவெனில், அது நரம்பு முனைக்குள் ஈர்க்கப்பட்டு நுண்பைகளில் சேர்ந்தபின், நோர்அட்ரினலினைப் போலச் சிதைக்கப்படாமல் அப்படியே தங்குகிறது. படத்துக்காக ஏற்றும் அளவு மிகச் சொற்பமாகையால் இருதயத்தின் வேலைக்கு இடையூறு செய்வதில்லை. அதில் பொருத்தப்படும் அயோடின் 123 என்னும் கதிரியக்க வகை, 13 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவது.

இப்பொருளை நடுக்குவாதத்தின் பக்கம் திருப்பிய பெருமையில் பெரும்பங்கு ஜப்பானிய வைத்தியர்களுக்கு உரியது. உடலின் தன்னியக்க நரம்புகள் பழுதுபட்டவர்களின் இருதயத்தை இவ்வாறு படமெடுத்த ஹகுசுயி குழுவினர், நடுக்குவாதக்காரர்களிடம் இருதயத்தின் நிழலே படத்தில் விழாததை 1994-இல் தெரிவித்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் டேவிட் கோல்ட்ஸ்டைன், வேறொரு கதிரியக்கப் பொருளைக் கொண்டு அதே முடிவுக்கு வந்தார். இருவேறு நாடுகளில், இருவேறு பொருள்களால் ஒரே உண்மை வெளிப்பட்டது அதன் மெய்ம்மைக்கு நல்ல அத்தாட்சி.

இரண்டு நோயாளிகள்

இனி, விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொள்ளும் இரு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 63. இருவருக்கும் ஓராண்டாக உடல் மந்தம். எழுந்து நின்றால் இருவருக்கும் சற்றே தலை கிறுகிறுக்கிறது. நடையைப் பார்த்து இன்னது என்று வைத்தியரால் அறுதியிட முடியவில்லை. எம்.ஆர்.ஐ. படமும் உதவவில்லை.

இருவரும் காலையில் அணுமருத்துவப் பிரிவுக்கு வருகிறார்கள். கதிரியக்க அயோடின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேராதிருக்கும் பொருட்டுச் சாதாரண அயோடின் மருந்தை முன்கூட்டியே கொடுப்பது பல இடங்களில் வழக்கம். கை நாளத்தில் ஊசி போட்டு எம்.ஐ.பி.ஜி.யை ஏற்றுகிறார்கள். சுமார் 15 நிமிஷம் கழித்து, மல்லாந்து படுத்திருப்பவரின் மார்புக்கு மேலே காமா காமிரா என்னும் பெரிய தட்டு இறங்கி வந்து சில நிமிஷங்கள் அசையாமல் நிற்கிறது. உடலிலிருந்து வெளிப்படும் கதிர்களை அது எண்ணிக் கணக்கிட்டுப் புள்ளிகளாக்குகிறது. பிறகு நோயாளி எழுந்து போகலாம். மூன்று நான்கு மணி நேரம் சென்றபின் மறுபடியும் ஒரு படம்.

திரையில் வரும் படம் பழக்கமில்லாத கண்ணுக்கு மங்கலான புகைப்படலம்போலவே இருக்கும். கீழே ஓரத்தில் கறுத்துத் தடித்திருப்பது கல்லீரல். மேலே தாடையை ஒட்டிச் சிறு திட்டுகளாகத் தெரிபவை உமிழ்நீர்ச் சுரப்பிகள். இருபுறமும் லேசான சாயலாக நுரையீரல். இரண்டாம் நோயாளியின் படத்தில், மார்பின் நடுவிலிருந்து இடப்புறமாக, வட்டமாக வளைந்த ஒரு தடித்த நிழல் தெளிவாகப் படிந்திருக்கிறது. அது இருதயத்தின் சுவர். முதல் நோயாளியின் படத்தில் கல்லீரலும் சுரப்பிகளும் அதேபோல் இருக்கின்றன. இருதயம் இருக்க வேண்டிய ஸ்தானம் மட்டும் வெற்றிடமாக இருக்கிறது. இருதயம் அங்கேதான் துடித்துக்கொண்டிருக்கிறது, அதில் எம்.ஐ.பி.ஜி.யை ஈர்த்துக்கொள்ள நரம்பு முனைகள்தாம் இல்லை.

கண்ணால் பார்த்துச் சொல்வதோடு நிற்காமல் இதை ஓர் எண்ணாக்குவது வழக்கம். படத்தில் இருதயத்தின்மேல் ஒரு வட்டமும், இரு நுரையீரல்களுக்கும் இடையே, பரிவு நரம்பு முனைகள் அதிகமில்லாத நடுமார்பின்மேல் ஒரு சிறு சதுரமும் வரைகிறார்கள். வட்டத்துக்குள் புள்ளி ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை கதிர்கள் பதிவாயின, சதுரத்துக்குள் எத்தனை என்று எண்ணி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது ஏற்பு விகிதம். நம் இரண்டாம் நோயாளிக்குப் பிந்திய படத்தில் இருதயத்தில் 130, நடுமார்பில் 50 என்று வைத்துக்கொண்டால் விகிதம் 2.6. முதலாமவருக்கு இருதயத்தில் 60, நடுமார்பில் 50, விகிதம் 1.2. அதாவது அவருடைய இருதயம் சுற்றியுள்ள பகுதியைவிட அதிகமாக எம்.ஐ.பி.ஜி.யை ஏற்கவில்லை என்றே ஏறத்தாழக் கொள்ளலாம்.

காமிராவின் முன்னே பொருத்தும், துளைகள் நிறைந்த ஈயத் தகடு ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு வகையாக இருப்பதால், ஒரே மனிதருக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண் வரக்கூடிய சங்கடம் நெடுநாள் இருந்தது. கனசாவா பல்கலைக்கழகத்து நகாஜிமா முதலியோர் இருதய வடிவில் செய்த மாதிரிப் பொருளை ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் வைத்துப் படமெடுத்து, எண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிச் சீராக்கிய அளவில் 2.2 என்பதை ஜப்பானில் ஆரோக்கியத்தின் கீழெல்லையாகக் கொள்கிறார்கள். இத்தகைய ஆரவாரமற்ற உழைப்புக்குப் பத்திரிகைகளில் இடம் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு பரிசோதனை நம்பிக்கைக்குரியதாக ஆவது இதனாலேதான் என்பது என் அபிப்பிராயம்.

முதலாமவருக்கு நடுக்குவாதம் என்னும் எண்ணம் இப்போது வலுக்கிறது. இரண்டாமவருக்குப் பன்மண்டலச் சிதைவோ வேறு வியாதியோ இருக்கலாம் என்று வைத்தியர் கருதுகிறார். காரணம், நாம் முன்பு பார்த்த இரட்டை நரம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. பன்மண்டலச் சிதைவு மூளையையும் முதுகுத்தண்டையும் அழித்து, கணுவுக்கு முந்திய முதல் நரம்பைக் கெடுக்கிறது. கணுவிலிருந்து இருதயத்துக்குச் செல்லும் இரண்டாவது நரம்பு, மேலிருந்து ஆணை வராவிட்டாலும், பெரும்பாலும் உயிரோடு இருந்து எம்.ஐ.பி.ஜி.யை ஈர்க்கிறது. நடுக்குவாதமோ அந்த இரண்டாவது நரம்பையே தாக்குகிறது. எழுந்து நின்றால் கிறுகிறுக்கும் ஒரே உபாதையை இருவரிடமும் கண்டு தடுமாறிய வைத்தியருக்கு, கணுவுக்கு முன்னா பின்னா என்ற ஒரு கேள்விக்கான விடையே வழி திறந்துவிடுகிறது.

கடைமடையில் தொடங்கும் வறட்சி

படத்தில் நிழல் விழாததற்கு நரம்பு அழிந்ததுதான் காரணமா, அல்லது நரம்பு இருந்தும் ஈர்க்கும் சக்தியை மட்டும் இழந்ததா? இந்தக் கேள்வியைத் தீர்க்க இறந்தவர்களின் இருதயங்களை ஆராய வேண்டியிருந்தது. டோக்கியோவைச் சேர்ந்த ஒரிமோவும் அவருடைய சகாக்களும், இருதயத்தின் மேற்பரப்பிலுள்ள நரம்புக் கற்றைகளைப் பரிவு நரம்பை மட்டும் பற்றும் சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நடுக்குவாதத்தால் இறந்தவர்களிடம் அந்த நரம்பிழைகள் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தன. பன்மண்டலச் சிதைவால் இறந்தவர்களிடம் அவை பெரும்பாலும் எஞ்சியிருந்தன. படம் சொன்னது மெய்யென்று நிரூபணமாயிற்று.

அதைவிட முக்கியமான ஓர் உண்மையை 2008-இல் அவர்கள் வெளியிட்டார்கள். உயிரோடிருந்தபோது நடுக்குவாதத்தின் லட்சணம் எதுவும் இல்லாமல், வேறு காரணத்தால் இறந்த பின்னரே மூளையில் லூயி உருண்டைகள் கண்டுபிடிக்கப்பட்ட சிலரின் இருதயங்களையும் அவர்கள் பார்த்தார்கள். கெட்ட புரதத் திரள்கள் முதலில் நரம்பின் கடைசி முனையில், அதாவது இருதயத்துக்குள், சேர்ந்திருந்தன. கணுவிலுள்ள அணுவின் உடல் அப்போது பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. வியாதி முற்றியவர்களிடம் முனைகள் அழிந்துபோய், திரள்கள் கணுவில் தெரிந்தன. ஆற்றில் நீர் குறையத் தொடங்கினால் தலைமதகின் அருகே பயிர் பச்சையாய் நிற்கும்போதே கடைமடை வயல் வெடித்துப்போவதைக் காவிரிப் படுகையில் கண்டவர்களுக்கு இந்த வரிசை விளங்கும். அணுவின் உடலிலிருந்து வெகுதூரம் நீண்டு கிளைத்துக் கிடக்கும் மெல்லிய முனையே முதலில் வாடுகிறது. ஆகவேதான், மூளையின் வியாதி என்று நாம் சொல்லிவந்ததன் தடயம் மார்பிலே, சிலருக்குக் கை நடுங்குவதற்கு முன்னரே, கிடைக்கிறது.

நரம்பு அற்ற இருதயம் நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. வேறொருவரின் இருதயத்தை மாற்றிப் பொருத்தும்போது எல்லா நரம்புகளும் அறுபடுகின்றன. அந்த இருதயம் ஆண்டுக்கணக்கில் துடிக்கத்தான் செய்கிறது. நடுக்குவாதக்காரருக்கு, கடினமாக உழைக்கும்போது நாடி வேண்டிய அளவு விரையாமற்போகலாம்; அதற்காக இருதய நோய் என்று கொள்ளலாகாது.

சர்ப்பகந்தியும் பிற மயக்கங்களும்

வெற்றிடம் ஒன்றைக் கண்டு முடிவு சொல்லும் பரிசோதனையில் எச்சரிக்கை மிகவும் அவசியம். வெற்றிடத்துக்குக் காரணங்கள் பல. மாரடைப்பினால் இருதயத் தசையோடு அங்குள்ள நரம்பும் அழிந்திருக்கலாம். இருதயம் பலவீனப்பட்டவரிடமும், பல ஆண்டு நீரிழிவால் நரம்புகள் கெட்டவரிடமும் நிழல் மங்கும். ஆகையால் நீரிழிவும் இருதய நோயும் மலிந்த ஒரு சமுதாயத்தில் இந்தப் படத்தின் பிரயோஜனம் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

மருந்துகளும் ஏமாற்றும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில பழைய மருந்துகள் மீள்ஈர்ப்பைத் தடுப்பவை. அவற்றைச் சில நாள் முன்னதாகவே நிறுத்திவைக்க வேண்டும். இப்படி ஏமாற்றும் மருந்துகளில் நமக்குப் பழகிய மற்றொன்று சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பின். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் சர்ப்பகந்தியின் இரத்த அழுத்தம் குறைக்கும் குணத்தை உலகறியச் செய்தார். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனைகளின் நுண்பைகளில் ரசாயனம் சேரவிடாமல் அவற்றைக் காலியாக்குவதே ரெசர்பின் செய்யும் வேலை. மூளையில் அது டோபமைனைக் காலியாக்குவதால் உடல் மந்தமாகும். 1957-இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களை ரெசர்பினால் அசைவற்றுக் கிடக்கச் செய்து, டோபா என்னும் ரசாயனத்தால் எழுப்பிக் காட்டிய பரிசோதனையிலிருந்தே நடுக்குவாதத்தின் வைத்தியம் பிறந்தது. அதே ரெசர்பின் இருதயத்தின் நுண்பைகளிலும் எம்.ஐ.பி.ஜி.யைத் தங்கவிடாது. ஆகவே அதை உட்கொள்பவர் மந்தமாகவும் இருப்பார், இருதயமும் படத்தில் மங்கும், நரம்புகளோ அழிந்திரா. மருந்துச் சீட்டை வாங்கிப் பாராமல் இந்தப் படத்தை வாசிப்பது ஆபத்து.

மறுபுறம், நடுக்குவாதம் இருந்தும் நிழல் தெளிவாக விழுகிறவர்களும் உண்டு. வியாதியின் தொடக்கத்தில் சிலருக்கு நரம்பு இன்னும் அழிந்திராது. பார்க்கின் என்னும் மரபணுவின் குறையால் இளவயதிலேயே நடுக்குவாதம் வருபவர்களுக்கு இருதய நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவர்களில் பலரின் மூளையில் லூயி உருண்டைகளும் இருப்பதில்லை. இந்த விதிவிலக்கு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது: படம் காட்டுவது நடுக்கத்தை அன்று, மந்தத்தையும் அன்று, லூயி உருண்டைகளை உண்டாக்கும் புரதக் கேட்டின் சுவட்டையே. அதனால்தான் ஜப்பானியரான கொசாகா 1976-இல் விவரித்த, லூயி உருண்டைகள் மூளையெங்கும் பரவி நினைவும் அறிவும் குலையும் வியாதியிலும் இருதயம் படத்தில் மறைகிறது; அல்சைமர் வியாதியில் மறைவதில்லை.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணக்குப்படி, நடுக்குவாதம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 முதல் 90 பேரை இப்படம் சரியாகச் சுட்டுகிறது. ஒத்த தோற்றமுள்ள பிற வியாதிகளை விலக்குவதிலும் ஏறத்தாழ அதே திறமை. துணைச் சாட்சியாக ஏற்பதற்கு இது தாராளமாகப் போதும். தனி நீதிபதியாக ஏற்பதற்குப் போதாது. 2012-இல் ஜப்பானிய அரசின் மருத்துவக் காப்பீடு இப்பரிசோதனையை ஏற்றுக்கொண்டது. 2015-இல் வெளியான சர்வதேச நிபுணர்களின் நடுக்குவாத இலக்கணமும், வாசனை அறியும் சக்தி குன்றுவதோடு சேர்த்து, இருதய நரம்பின் இழப்பை வியாதிக்கு ஆதரவான சான்றாக மட்டுமே வகுத்தது. அந்த அளவோடு நின்றது சரியென்றே தோன்றுகிறது.

உறக்கத்தில் உதறும் கைகள்

கனவு காணும் உறக்கத்தில் நம் தசைகள் யாவும் தளர்ந்து கிடப்பது இயற்கை. சிலருக்கு அந்தத் தளர்ச்சி நீங்கிவிடுவதால், கனவில் யாரையோ தடுப்பதற்காகப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடிக்கவும், கட்டிலிலிருந்து உருண்டு விழவும் நேர்கிறது. இத்தகையவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகளுக்குப் பின் நடுக்குவாதத்துக்கோ அதன் இனத்து வியாதிகளுக்கோ ஆளாகிறார்கள். பகலில் எவ்விதக் குறையுமின்றி நடமாடும் இவர்களுடைய இருதயத்தை எம்.ஐ.பி.ஜி.யால் படமெடுத்துப் பார்த்தபோது, பலருக்கு நிழல் ஏற்கனவே மறைந்திருந்தது.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரத்தில் பெர் போர்காமரும் அவருடைய குழுவினரும் 2020-இல் இதைக் கொண்டு ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். உறக்கத்தில் உதறுகிறவர்களிடம் இருதய நரம்பு முன்னதாகவும் மூளையின் டோபமைன் நரம்பு பின்னதாகவும் அழிகிறது. வேறு சில நடுக்குவாதக்காரர்களிடம் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஆகவே குடலிலோ உடலின் பிற நரம்புகளிலோ தொடங்கி மூளைக்கு ஏறுவது ஒரு வகை, மூளையில் தொடங்கி உடலுக்கு இறங்குவது மற்றொரு வகை என்பது அவர்கள் கருத்து. வியாதி வாசனையறியும் பகுதியிலும் மூளையின் அடித்தண்டிலும் தொடங்கி மேலேறுகிறதென்று 2003-இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹைக்கோ பிராக் எல்லோருக்கும் பொதுவாக வகுத்த பாதைக்கு இது ஒரு திருத்தம். எல்லோரும் இதை ஏற்கவில்லை; வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

இப்படியானால், உறக்கத்தில் உதறும் ஒவ்வொருவரையும் அழைத்து இருதயத்தைப் படமெடுத்துச் சொல்லிவிடலாமா? வியாதியைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. பத்தாண்டுக்குப் பின் வரக்கூடிய ஒன்றை இன்றே தெரிந்துகொண்டு, செய்வதற்கு ஒன்றுமின்றிக் காத்திருப்பது எல்லோராலும் தாங்கக்கூடிய சுமை அன்று. புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வில் தாமே மனமுவந்து சேர்கிறவர்களுக்கு இப்படம் எடுப்பதில் நியாயம் உண்டு. கேளாதவரிடம் அதைத் திணிப்பதில் இல்லை. ஏற்கனவே உடல் மந்தமாகி, எது என்று தெரியாமல் வைத்தியர்மாறி வைத்தியராக அலைகிறவரின் நிலையோ வேறு. அவருக்கு இருதயமும் நீரிழிவும் மருந்துச் சீட்டும் முதலில் சரிபார்க்கப்பட்டிருக்குமானால், இரண்டு படங்களுக்கும் அவற்றின் இடையே காத்திருக்கும் சில மணி நேரத்துக்கும் ஈடாகக் கிடைக்கும் விடை, அவருக்கு உரிய மருந்தை ஓராண்டு முன்னதாகவே தொடங்கிவைக்கக்கூடும்.